கரையிலிருந்து பார்த்தால் ஏரி அமைதியாகத்தான் தெரியும்

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் கார் டிக்கியில் கயாக்கை மடித்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிளம்புகிறவர்களைச் சில ஆண்டுகளாக நான் பார்த்து வருகிறேன். கயாக் என்பது ஒருவரோ இருவரோ காலை நீட்டி அமர்ந்து, இரு முனைகளிலும் அலகுள்ள துடுப்பால் செலுத்தும் குறுகலான நீண்ட படகு. காற்றடித்துப் பயன்படுத்தும் வகை வந்த பிறகு அதை வாங்குவதும் கொண்டு செல்வதும் எளிதாகிவிட்டன. ஆனால் எங்கே, எப்போது, எவ்வளவு தூரம் போகலாம் என்ற பேச்சு மட்டும் இன்னும் மேலோட்டமாகவே இருக்கிறது. "ஏரிதானே, கடலா?" என்கிறார்கள். "தண்ணீர் இடுப்பளவுதான்" என்கிறார்கள். "பரிசலில் மீனவர்கள் தினமும் போகவில்லையா?" என்று கேட்கிறார்கள். இந்த மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் இவை ஆபத்தானவை. ஏரியும் ஆறும் எப்போது பாதுகாப்பானவை, எதனால் பாதுகாப்பானவை என்பதை முதன்முறை படகில் இறங்கப்போகிறவருக்குப் புரியும்படி சொல்வதற்காக இதை எழுதுகிறேன்.

மறைப்புள்ள நீர்

கொல்லையில் துணி காயப்போடுகிறவர்களுக்கு ஒன்று தெரியும். ஒரே காற்றில், சுவரை ஒட்டிய கொடியில் துணி அசையாமல் தொங்கும். பத்தடி தள்ளிக் கட்டிய கொடியில் படபடக்கும். சுவர் காற்றை நிறுத்திவிடவில்லை, அந்தச் சிறு இடத்தை மட்டும் மறைத்திருக்கிறது. நீருக்கும் இதே கதைதான். மேடு, ஏரிக்கரை, மரத்தோப்பு, நாணல் புதர் ஆகியவற்றில் ஏதோ ஒன்று காற்றையோ நீரோட்டத்தையோ தடுத்து, அதன் பின்னால் நீரை அமைதியாக வைத்திருந்தால் அதை மறைப்புள்ள நீர் என்போம்.

மறைப்பு என்பது இடத்தின் நிரந்தர குணம் அன்று. காற்றின் திசை மாறினால் மறைப்பும் இடம் மாறும். மதகைத் திறந்தால் நேற்று வரை குளம்போல் நின்ற பகுதியில் இன்று நீர் இழுக்கும். ஆகவே ஒரு ஏரியைப் பற்றி "இது பாதுகாப்பான ஏரி" என்று பொதுவாகச் சொல்ல முடியாது. இந்த மணி நேரத்தில், இந்தக் காற்றில், இந்தக் கரையோரம் பாதுகாப்பாக இருக்கிறது என்றுதான் சொல்ல முடியும்.

தாம்பாளத்தில் ஒரு சோதனை

வீட்டில் உள்ள பெரிய தாம்பாளத்தில் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் ஊற்றி, ஒரு விளிம்பின் அருகே வாயை வைத்துச் சீராக ஊதிப் பாருங்கள். உங்கள் பக்கத்து விளிம்பை ஒட்டிய நீர் ஏறக்குறைய அசையாமல் இருக்கும். நடுவில் சிற்றலை தோன்றும். எதிர் விளிம்பில்தான் அலை மோதும். இதே அளவு மூச்சை டீ டம்ளரில் ஊதினால் அலை எழும்ப இடமே இருக்காது.

காற்று நீரின்மேல் தடையில்லாமல் ஓடும் நீளத்தைக் காற்று ஓடும் தொலைவு என்று இந்தக் கட்டுரையில் குறிப்பிடுகிறேன். காற்று நீரைத் தொட்டுத் தள்ளத் தள்ள அலை வளர்கிறது; தள்ளுவதற்கு நீளம் கூடுதலாகக் கிடைத்தால் அலையும் பெரிதாகிறது. அதனால்தான் சிறிய ஏரியில் ஒன்றும் செய்யாத காற்று, கிருஷ்ணகிரி அணையின் நீர்த்தேக்கம் போன்ற அகன்ற பரப்பில் நுரை விளிம்புள்ள அலையை எழுப்புகிறது. காற்றின் வேகமும் அதில் சேர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் அது படகின்மீதும் உங்கள் உடலின்மீதும் செலுத்தும் தள்ளுவிசை நான்கு மடங்காகும். மணிக்கு 10 கிலோமீட்டர் காற்றில் சுகமாகப் போனவர் 20 கிலோமீட்டர் காற்றில் "இரண்டு மடங்குதானே" என்று நினைத்தால் கணக்குத் தவறும்.

இந்தச் சோதனையில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. நீங்கள் ஊதும் பக்கத்து விளிம்பு அமைதியாக இருந்தது அல்லவா? காற்று முதுகில் படும்படி ஒரு கரையில் நின்று ஏரியைப் பார்த்தால், அந்த அமைதியான விளிம்பில்தான் நீங்கள் நிற்கிறீர்கள். கண்ணுக்கு முன்னே நீர் வழவழவென்று கிடக்கும். தூரத்து அலைகளின் முதுகுப்புறம்தான் உங்களுக்குத் தெரியும் என்பதால் அவையும் தணிவாகவே தோன்றும். அமைதி என்று நம்பி இறங்குகிறீர்கள்; முதல் அரை மணி நேரம் படகு தானாகவே போவதுபோல் இருக்கும். ஏரியை அமைதியாகக் காட்டும் அதே கரைதான் உங்களை நடுநீருக்குத் தள்ளிவிடும் கரையும்.

இது எனக்கே நடந்தது. கிருஷ்ணகிரிக்குத் தெற்கே ஒரு பெரிய ஏரியில், கயாக் வாங்கிய முதல் ஆண்டில், மேற்குக் கரையில் இறங்கி, கிழக்குக் கரையில் இருந்த ஒரு புளியமரத்தைக் குறியாக வைத்துப் போனேன். போகும்போது துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு வாத்துகளைப் பார்க்கும் அளவுக்கு ஓய்வு இருந்தது. திரும்பியபோது படகின் மூக்கு ஒவ்வொரு அலையிலும் டப் டப்பென்று விழுந்தது. மணிக்கட்டு வழியாக நீர் முழங்கை வரை ஓடியது. பத்து முறை துடுப்புப் போட்டு நிமிர்ந்து பார்த்தால் கரையோரத்துப் பனைமரம் இருந்த இடத்திலேயே இருந்தது. கடைசியில் வடக்குக் கரையை ஒட்டி, மேட்டின் மறைப்பில், சுற்று வழியாக வந்து சேர்ந்தேன். அங்கே வலையை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "போறப்ப காத்து முதுகுல இருந்தா வர்றப்ப மூஞ்சில அடிக்கும் தம்பி, மொதல்ல எதிர்க்காத்துல போயிடணும்" என்றார். ஏரிப் பயணத் திட்டத்தில் பாதி அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: அலையைத் தீர்மானிப்பவை காற்றின் வேகமும் அது நீர்மேல் ஓடும் தொலைவும், காற்று புறப்படும் கரை எப்போதும் அமைதியாகத் தோன்றும், ஆகவே தெம்பு இருக்கும்போது எதிர்க்காற்றில் போய், களைத்த பிறகு காற்றின் துணையோடு திரும்ப வேண்டும்.

பரிசலும் கயாக்கும் ஒன்றல்ல

ஒகேனக்கல்லில் பரிசலில் ஏறியவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். பரிசல் வட்டமானது, அதற்கு முன், பின் என்று கிடையாது. அலையும் நீரோட்டமும் அதை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது ஒன்றுதான், பெரும்பாலும் கவிழாமல் சுழன்று கொடுக்கும். கயாக் நீளமானது, நேராகப் போவதற்காகவே அப்படிச் செய்யப்பட்டது. பக்கவாட்டில் காற்று அடித்தால் அதன் மூக்கு காற்று வரும் திசையை நோக்கித் திரும்பப் பார்க்கும், அதை ஒவ்வொரு துடுப்பிலும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். காற்றடைத்த கயாக்கோ நீரில் ஆழமாக அமராமல் மேலே மிதப்பதால் சருகைப்போல ஒதுங்கும். மேலும், பரிசல் ஓட்டுகிறவர் அந்த நீரின் பாறையையும் சுழலையும் சிறு வயதிலிருந்தே அறிந்தவர். அவர் போகிறார் என்பதை நாம் போவதற்கான சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

காலையில் கண்ணாடி, பத்து மணிக்குக் காற்று

விடிகாலையில் ஏரி கண்ணாடியாக இருப்பதும், பத்து பதினோரு மணிக்குச் சலசலப்பதும் தற்செயல் அன்று. இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து, ஒரு போர்வைபோலத் தாழ்வான இடங்களில் படுத்துக்கொள்கிறது. மேலே வேகமாக ஓடும் காற்று அந்தப் போர்வையைத் தாண்டி நீரைத் தொடுவதில்லை. வெயில் ஏறியதும் தரை சூடாகிறது. அடுப்பில் வைத்த பாலில் அடியில் இருப்பது சூடாகி மேலெழ, மேலிருப்பது கீழே இறங்குவதுபோல, காற்றும் கலங்குகிறது. மேலே இருந்த வேகம் கீழே வந்து நீரைத் தொடுகிறது. ஆகவே காலை ஆறரை மணி ஏரியைப் பார்த்து பதினோரு மணிக்கான முடிவை எடுக்கக் கூடாது.

நடுநீரில் இருக்கும்போது காற்று வருவதை முன்கூட்டியே காணலாம். வெளிர்ந்த நீர்ப்பரப்பில் கருமையான திட்டு ஒன்று உங்களை நோக்கி நகர்ந்து வரும். அது சிற்றலை, காற்று நீரை அங்கே தொட்டுவிட்டது என்று பொருள். அத்தகைய திட்டுகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கினால் திரும்பும் நேரம் வந்துவிட்டது.

பருவத்தைப் பொறுத்தவரை என் கருத்து தெளிவானது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று பகல் முழுதும் ஓயாது; புதியவர்கள் அப்போது அகன்ற நீரில் இறங்க வேண்டாம். சித்திரை, வைகாசியில் பிற்பகல் இடிமழை திடீரென்று கட்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரிகள் நிரம்பியிருக்கும் மார்கழிக் கடைசியும் தை, மாசியும்தான் இந்தப் பகுதியில் கற்றுக்கொள்ள ஏற்ற காலம். ஓசூர்ப் பக்கம் அப்போது பனிமூட்டம் இருக்கும். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும்வரை படகை இறக்காமல் காத்திருக்க வேண்டும்.

ஆறு: கன அடி என்றால் எவ்வளவு

"ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி" என்ற செய்தியை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். கர்நாடகத்திலிருந்து வரும் காவிரி நீரை எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள். ஒரு கன அடி என்பது ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரமுள்ள பெட்டி கொள்ளும் நீர், ஏறக்குறைய 28.3 லிட்டர். விநாடிக்கு 1,000 கன அடி என்றால், 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் இரண்டுக்கு மேல், ஒவ்வொரு விநாடியும் உங்களைக் கடந்து போகின்றன என்று பொருள்.

ஆனால் கன அடி என்பது அளவைச் சொல்கிறதே தவிர வேகத்தைச் சொல்வதில்லை. குழாய் முனையை விரலால் பாதி அடைத்தால் அதே நீர் பீறிட்டுப் பாய்வதை அறிவோம். ஆறும் அப்படித்தான். 100 அடி அகலமும் 5 அடி ஆழமும் உள்ள இடத்தில் 1,000 கன அடி நீர் விநாடிக்கு 2 அடி நகரும். அது மணிக்கு ஏறக்குறைய 2.2 கிலோமீட்டர், நடை வேகத்தில் பாதி. அதே நீர் அதே ஆழமுள்ள 25 அடி அகலப் பாறை இடுக்கில் புகுந்தால் மணிக்கு 9 கிலோமீட்டரை நெருங்கும். புதியவர் ஒருவர் நிற்கும் நீரில் துடுப்புப் போடும் வேகமே மணிக்கு 4 கிலோமீட்டர் அளவுதான். ஒகேனக்கல்லில் அகன்று வரும் காவிரி பாறைகளுக்கிடையே ஒடுங்கி விழுவதை நேரில் பார்த்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. அங்கு கயாக் என்ற எண்ணமே வேண்டாம். நீரின் வேகம் ஒருபுறம் இருக்க, அந்த ஆற்றில் முதலைகளும் வாழ்கின்றன.

ஆற்றில் நீர் கூடுவதற்கு நம் தலைக்கு மேல் மழை பெய்ய வேண்டும் என்பதில்லை. தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, கெலவரப்பள்ளி அணைக்கும் அங்கிருந்து கிருஷ்ணகிரி அணைக்கும் வருகிறது. பெங்களூருவில் மழை பெய்தால் இங்கே வானம் நிர்மலமாக இருக்கும்போதே ஆறு ஏறும். உள்ளூர் மழையும் சாதாரணமானது அன்று. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டி, சாலையோரம் நின்ற வாகனங்களை வெள்ளம் இழுத்துச் சென்றதை நாம் பார்த்தோம். ஆகவே கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை, ஆற்றில் மேலே உள்ள அணையின் நீர்மட்டத்தையும் திறப்பையும் செய்தியில் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி அணையின் முழு உயரம் 52 அடி, கெலவரப்பள்ளியின் முழு உயரம் 44.28 அடி, நீர்மட்டம் இந்த எண்களை ஒட்டி நிற்கிறது என்றால் வரும் நீரைத் தேக்க இடமில்லை, அப்படியே கீழே திறந்துவிடுவார்கள். அத்தகைய நாளில் அணைக்குக் கீழே ஆற்றில் இறங்கவே கூடாது. கெலவரப்பள்ளியிலிருந்து நுரை பொங்கி வரும் நாட்களில் அந்த நீரைத் தொடுவதையும் தவிர்ப்பது நல்லது.

ஆற்றில் அளவைவிடவும் வேகத்தைவிடவும் நான் அஞ்சுவது தடுப்பணை. இரண்டு மூன்று அடி உயரமே இருந்தாலும், அதன்மேல் வழிந்து விழும் நீர் அடியில் சுருண்டு மீண்டும் சுவரை நோக்கியே புரண்டு வரும். அதில் சிக்கிய படகும் ஆளும் வெளியேற முடியாமல் உருண்டுகொண்டே இருக்க நேரும். படகிலிருந்து பார்த்தால் தடுப்பணை கண்ணுக்கே தெரியாது. ஆறு ஒரு நேர்கோட்டில் முடிந்து, அதற்கப்பால் மரங்களின் மேற்பாதி மட்டும் தெரிவதுபோல் இருக்கும். அந்தக் கோட்டைக் கண்டவுடன் கரையேறிவிட வேண்டும். ஏரியில் நீர் வழியும் கோடிக்கும் மதகுக்கும் இது பொருந்தும்: ஏரி கோடி போகும் நாளில் அந்தப் பக்கத்தையே விட்டு விலகி இருங்கள்.

திரும்பும் கணக்கு

புதியவர்கள் செய்யும் தவறு, நேரத்தை இரண்டால் வகுப்பது. மூன்று மணி நேரம் இருக்கிறது, ஒன்றரை மணி நேரம் போய் ஒன்றரை மணி நேரம் வரலாம் என்று நினைக்கிறார்கள். நீங்கள் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்துகிறீர்கள், நீரோட்டம் 1.5 கிலோமீட்டர் என்று கொள்வோம். நீரோட்டத்தோடு போகும்போது வேகம் 5.5, 5 கிலோமீட்டரை 55 நிமிடத்தில் கடந்துவிடுவீர்கள். திரும்பும்போது வேகம் 2.5, அதே தூரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகும். அதுவும் கை ஓயாமல் இருந்தால். துடுப்பை நிறுத்தும் ஒவ்வொரு நிமிடமும் படகு பின்னோக்கிப் போகும். ஏரியில் காற்றுக்கும் இதே கணக்குதான்.

ஆகவே ஆற்றில் முதலில் எதிர்நீரில் மேலே போங்கள். ஏரியில் முதலில் எதிர்க்காற்றில் போங்கள். அது முடியாத இடத்தில், உங்களிடம் உள்ள மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு கழிந்தவுடன், எந்த இடத்தில் இருந்தாலும் திரும்பிவிடுங்கள். முதல் சில பயணங்களுக்குப் போக வர நான்கைந்து கிலோமீட்டர் போதும். அதையும் நடுநீரில் குறுக்கே வெட்டாமல், நீந்திக் கரை சேரக்கூடிய தொலைவுக்குள் கரையோரமாகவே போய்வர வேண்டும்.

இடுப்பளவு நீர்

ஆழம் குறைவு என்பது பாதுகாப்பு என்று நினைப்பதற்கு எதிராக மூன்று செய்திகள் உண்டு. முதலாவது சேறு. நம் ஏரிகளின் நீர் வந்து சேரும் பக்கத்தில், சம்பும் கோரையும் வளர்ந்த சதுப்பில், வண்டல் பல ஆண்டுகளாகப் படிந்திருக்கும். படகிலிருந்து இறங்கி ஊன்றிய கால் முழங்கால்வரை புதையும், இழுக்க இழுக்க மற்ற காலும் புதையும். அங்கே கால் ஊன்றாமல் படகைப் பிடித்தபடி மிதந்து நகர வேண்டும். புதருக்குள் வழி தேடி நுழையவும் வேண்டாம். பறவைகள் கூடு வைத்திருக்கும் இடம் அது. இரண்டாவது, ஓடும் நீரில் பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொள்வது. முழங்காலளவு நீரோட்டம்கூட ஆளைச் சாய்த்து அழுத்திவிடும். ஆற்றில் விழுந்தால் நிற்க முயலாமல், மல்லாந்து, கால்களை நீர் போகும் திசையில் நீட்டி மிதந்து, நீர் தணியும் இடத்தில் கரையேற வேண்டும்.

மூன்றாவது, நீருக்கடியில் இருப்பது. வறண்ட ஆண்டுகளில் ஏரிக்குள் சீமைக்கருவேலம் காடாக வளர்கிறது. மழையில் ஏரி நிரம்பும்போது அந்த முட்கள் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே காத்திருக்கின்றன. காற்றடைத்த கயாக்குக்கு அது போதும். மேட்டூர் அணை நிரம்பும்போது நீர் தருமபுரி மாவட்டத்துக்குள் வெகுதூரம் பின்வாங்கித் தேங்குகிறது. நாகமரைக்கு எதிரே பண்ணவாடியில், நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவதை நாளிதழ்ப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அவை நீர் நிரம்பிய நாட்களிலும் அங்கேதான் இருக்கின்றன. கோடையில் ஏரி வற்றிய நேரத்தில் ஒரு முறை கரையோரமாக நடந்து பார்த்துவிட்டு, மழைக்குப் பிறகு படகில் வருகிறவருக்கு அந்த ஏரி வேறு மாதிரித் தெரியும். வலைகளையும் கவனியுங்கள்: வரிசையாக மிதக்கும் தெர்மாகோல் துண்டுகளுக்குக் கீழே ஒருவருடைய அன்றைய பிழைப்பு இருக்கிறது, அதைச் சுற்றிப் போக வேண்டும்.

அனுமதியும் புறப்பாடும்

அணைகளும் பெரிய ஏரிகளும் நீர்வளத்துறையின் பொறுப்பில் உள்ளவை. 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் வருபவை. உரிய இடத்தில் கேட்டு, அனுமதி கிடைத்தால் மட்டுமே இறங்க வேண்டும். தடை என்று பலகை இருந்தால் அங்கே பேச்சுக்கு இடமில்லை. அதோடு, அந்த ஏரியில் மீன் பிடிப்பவர்களிடம் முந்தைய நாளே போய்ப் பேசுங்கள். எங்கே முள், எங்கே வலை, எத்தனை மணிக்குக் காற்று எழும்பும் என்பதை அவர்களைவிடத் துல்லியமாக எந்தச் செயலியும் சொல்லாது.

உயிர்காப்பு அங்கியைப் படகில் வைத்துக்கொண்டு போவதால் பயனில்லை; கரையிலேயே போட்டு, தோள்பட்டையைப் பிடித்து ஒருவர் மேலே தூக்கினால் அது காதுவரை ஏறாத அளவுக்குப் பட்டைகளை இறுக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீர், தொப்பி, விசில், நீர் புகாத உறையில் கைப்பேசி. மின்னலைப் பார்த்து எண்ணத் தொடங்குங்கள். 30 விநாடிக்குள் இடி கேட்டால் அது ஏறக்குறைய 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே அருகில் உள்ள கரைக்கு, நீங்கள் கிளம்பிய கரையாக இல்லாவிட்டாலும், போய்ச் சேர வேண்டும்.

வீட்டில் இருப்பவரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்: எந்த ஏரி, எந்தக் கரையில் வண்டி நிற்கும், எத்தனை பேர், ஆறரைக்கு இறங்குகிறோம், ஒன்பதரைக்குக் கரையேறுவோம், பத்து மணிக்குள் அழைப்பு வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும். கரையேறியதும் படகின் காற்றைப் பிடுங்குவதற்கு முன்பே அந்த அழைப்பைச் செய்துவிட வேண்டும்.